விரல் விறைக்காமல் வில் இழுக்க: கையுறையா, மஃபா, கணப்பா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 31 வரை நீளும். செப்டம்பரில் கொசு கடிக்கும், டிசம்பரில் குளிர் கடிக்கும். கொசுவுக்கு மருந்து பூசிக்கொள்ளலாம். குளிருக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு பருவங்கள் பிடித்தன. நடுவில் ஒரு பெண்மானும் தப்பிப் போனது.

அது எனக்கு இரண்டாவது பருவம். டிசம்பர் நடு, -14 டிகிரி செல்சியஸ். இருட்டோடு ஏறிப் பரணில் உட்கார்ந்தாயிற்று. இங்குள்ளவர்கள் ட்ரீ ஸ்டாண்டு என்பார்கள். தினைப்புனம் காத்தவர்கள் விட்டுப்போன சொல் கையில் இருக்கும்போது நான் ஏன் அதை விட வேண்டும்? கையில் பனிச்சறுக்குக்காரர்கள் போடும் தடித்த கையுறை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைவால் பெண்மான் இருபது கெஜ தூரத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. நாணை இழுத்தேன். அது தாடைக்கு வந்து சேருமுன்பே அம்பு போய்விட்டது. நாணைக் கவ்விப் பிடித்து, அழுத்தினால் விடும் கருவிக்கு ரிலீஸ் என்று பெயர். அதன் ட்ரிக்கர் மேல் என் விரல் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. பாதிக் குற்றம் கையுறையின் தடிமனுக்கு, மீதி மரத்துப்போன விரலுக்கு. அம்பு மானின் முதுகுக்கு ஒரு சாண் மேலே போய்ப் பனியில் செருகியது. அது தப்பியதில் எனக்கு நிம்மதிதான். கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னால் பட்டிருந்தால், குடலில் அடிபட்ட மானை இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் சிறை. இங்கே மாநில அரசே உரிமம் விற்று, மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையைப் பயன்படுத்துகிறது. ஆகவே இந்தக் கட்டுரை குளிர்நாட்டில் உரிமத்தோடு வில் பிடிக்கும் நம்மவர்களுக்கானது.

கடையில் போய் நின்றால், கையைச் சூடாக வைக்க என்றே ஒரு சுவர் முழுக்கச் சாமான் தொங்கும். எல்லாமே சூடு தருபவைதான். ஆனால் நமக்கு வேண்டியது அதிகச் சூடு அல்ல. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபின், அரை நிமிடத்துக்குள், சத்தம் போடாமல், தொடுவுணர்ச்சி குறையாத விரலால் ஓர் அம்பை விட முடிய வேண்டும். பனிச்சறுக்குக்காரர் உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கிறார். ஐஸ் மீன்பிடிக்காரர் எழுந்து நடக்கலாம், கையைத் தேய்த்துக்கொள்ளலாம். பரணில் இருப்பவருக்கு இரண்டும் கிடையாது. அவர்கள் சிபாரிசு செய்யும் கையுறை நமக்கு உதவாமல் போவது இதனால்தான்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். -18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது -28 டிகிரி. அந்த நிலையில் அரை மணி நேரம் போதும், தோல் உறையத் தொடங்கும். தரையை விட ஐந்து மீட்டர் உயரத்தில் காற்றைத் தடுக்க ஒன்றும் இருக்காது.

குளிர்வது கைக்கு, காரணம் வயிற்றில்

விரலுக்குள் தசை இல்லை. விரலை அசைக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. தசைநாண்கள் கயிறுபோல நீண்டு வந்து விரலை இழுக்கின்றன. விரல் தனக்கென்று சூடு உண்டாக்கிக்கொள்ளாது, ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. தடிமன் குறைவு, தோல்பரப்பு அதிகம், எனவே வந்த சூடும் சீக்கிரம் போய்விடும். விரல்நுனிகளில் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் உண்டு. நடுவுடல் குளிர்கிறது என்று மூளைக்குத் தோன்றினால் முதலில் மூடப்படுவது இவைதான். இதயத்தையும் குடலையும் காப்பாற்ற விரலைக் கைவிடுகிறது உடம்பு. விரல்தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் கை தடுமாறும். 8 டிகிரியை நெருங்கினால் தொடுவுணர்ச்சியே போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிரில் சில நிமிடம் கிடந்தபின், மூடிய குழாய்கள் தாமே கொஞ்சநேரம் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறக்கும். 1930இல் இதை விவரித்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ். இதற்கு ஆங்கிலத்தில் ‘வேட்டை எதிர்வினை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேட்டைக்காரர்களின் கையைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சரியான வெப்பத்தைத் தேடி மேலும் கீழும் அலைவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறதாம். நடுவுடல் நன்றாகக் குளிர்ந்துவிட்டால் இந்த அலைச்சலும் அடங்கிவிடும்.

கனடாவில் நடந்த சோதனைகள் எனக்குக் கண் திறந்தன. ஆட்களை -25 டிகிரிக் குளிரறையில் மூன்று மணி நேர அளவுக்கு உட்காரவைத்து, ஒருமுறை மின்சாரத்தில் சூடாகும் கையுறையும், இன்னொருமுறை கைக்கு ஒன்றும் போடாமல் சூடாகும் மேலங்கியும் கொடுத்துப் பார்த்தார்கள். மேலங்கி போட்டபோது வெறுங்கையின் விரல்கள் வேலை செய்யும் நிலையில் இருந்தன. நெஞ்சு சூடாக இருந்ததால் உடம்பு மிச்சச் சூட்டை விரல் வழியாக அனுப்பியது.

ஆகவே கையுறைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை முதலில் வயிற்றுக்கும் முதுகுக்கும் செலவழியுங்கள். பேட்டரியில் சூடாகும் மேலங்கி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மெரினோ கம்பளி உள்ளாடைக்கு மேல், இடுப்பின் பின்பக்கம் இரண்டு சூட்டுப் பொட்டலங்கள், கழுத்தில் ஒரு கம்பளிச் சுருள், காதை மூடும் தொப்பி. பரணுக்கு நடக்கும்போது கனத்த கோட்டைப் போடாமல் முதுகுப்பையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். நடக்கும்போது வியர்த்தால் ஏறி உட்கார்ந்த இருபதாவது நிமிடம் அந்த வியர்வை பழிவாங்கும். நான் பரணுக்குக் கீழே ஐந்து நிமிடம் மெல்லிய சட்டையோடு நிற்பேன். உடம்பு கொஞ்சம் ஆறினபின்தான் கோட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பலன் உண்டு.

கையுறையில் என்னென்ன வகை

தடித்த கையுறையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விரலுணர்ச்சி போவது அதன் ஒரு கெடுதல்தான். வில்லைப் பிடிக்கும் கையில் அது இருந்தால் உள்ளங்கைக்கும் வில்லின் பிடிக்கும் நடுவே மெத்தைபோல நின்று வில்லை லேசாகத் திருப்பிவிடும். இருபது கெஜத்தில் அது மூன்று விரற்கடைப் பிழையாகத் தெரியும். மணிக்கட்டுப் பட்டை பருமனாக இருந்தால் விட்ட நாண் அதில் உரசும். இந்த ஒரு காரணத்துக்காகவே மின்சாரக் கையுறையையும் நான் ஒதுக்கிவிட்டேன். அதன் பேட்டரி பெரும்பாலும் மணிக்கட்டில்தான் இருக்கிறது, நாண் போகும் பாதையில். பனிச்சறுக்குக்கு அருமையான சாமான், வில்லுக்கு ஆகாது.

விரல்முனை திறந்து, மேலே மடித்துப் போடும் மூடியுள்ள கம்பளிக் கையுறை வேட்டைக்காரர்களுக்குப் பழைய தோழன். விரல்கள் ஒரே அறைக்குள் ஒன்றையொன்று ஒட்டிச் சூடாக இருக்கும். தேவைப்படும்போது மூடியைப் பின்னால் தள்ளினால் விரல் வெளியே வரும். -5 டிகிரி வரை இது ஒன்றே போதும் என்பேன். வாங்கும்போது மூடியை எது பிடித்துவைக்கிறது என்று பாருங்கள். காந்தமாக இருந்தால் வாங்கலாம். வெல்க்ரோ என்றால் வைத்துவிடுங்கள். அமைதியான காட்டில் வெல்க்ரோ பிரியும் சத்தம் துணி கிழிவதுபோலக் கேட்கும்.

மெல்லிய மெரினோ கையுறை தனியாக நின்றால் -2 டிகிரிக்கே தோற்றுவிடும். ஆனால் விரலின் உணர்ச்சியைக் கெடுக்காத ஒரே கையுறை அதுதான். ஈரமானாலும் கம்பளி ஓரளவு சூடு காக்கும், பருத்தி காக்காது. அந்த மெல்லிய கையுறைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால் போதும் என்று எனக்குப் புரிந்தது மூன்றாம் பருவத்தில்.

எந்தக் கையுறையானாலும் இறுக்கமாக இருந்தால் வேண்டாம். இறுக்கம் ரத்தத்தைத் தடுக்கும். மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் பட்டைக்கும் இதே விதிதான். உட்கார்ந்திருக்கும்போது ஒரு துளை தளர்த்தி வைத்திருந்து, மான் தென்பட்டபின் இறுக்குவது என் வழக்கம்.

மஃப்: என் ஓட்டு இதற்கு

அந்த வீட்டின் பெயர் மஃப். இடுப்பில் பெல்ட்டுபோலக் கட்டும், இரண்டு பக்கமும் திறந்த குழல்வடிவப் பை. அமெரிக்கக் கால்பந்தின் குளிர்கால ஆட்டங்களில் பந்தை எறியும் க்வாட்டர்பேக் வயிற்றுக்கு முன்னால் கட்டியிருப்பாரே, அதேதான். இரண்டு கைகளும் உள்ளே சந்தித்துக்கொள்ளும். நடுவில் ஒரு சூட்டுப் பொட்டலம். மெல்லிய மெரினோ கையுறையோடு கைகளை அதற்குள் விட்டுவிட்டால் -15 டிகிரியிலும் விரல்கள் வீட்டுக்குள் இருப்பதுபோல இருக்கும். மான் வந்ததும் கையை வெளியே எடுத்தால் போதும். கழற்ற ஒன்றுமில்லை, மடிக்க ஒன்றுமில்லை, கீழே விழவும் ஒன்றுமில்லை. கழற்றிய கையுறை ஒன்று என் மடியிலிருந்து வழுக்கி விழுந்து, கீழே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மான்கள் ஓடிப்போன காலைப்பொழுதும் எனக்கு உண்டு.

சும்மா இருக்கும் நேரத்துக்கும் அம்பு விடும் நேரத்துக்கும் ஒரே உறையைத் தேடினால் இரண்டு வேலையும் அரைகுறையாகத்தான் முடியும். மஃப் அவற்றைப் பிரித்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கு மஃப், எழுந்து நிற்கும் அரை நிமிடத்துக்கு மெல்லிய கையுறை.

குறை உண்டா என்றால் உண்டு. கை உள்ளே இருக்கும்போது வில் கொக்கியில் தொங்க வேண்டும், ஆகவே மான் வரும்போது ஓர் அசைவு கூடுகிறது. வில்லைக் கண்ணுக்கு நேரே, கை அதிகம் நீளாமல் எட்டும் இடத்தில் தொங்கவிட்டால் இதைப் பாதியாகக் குறைக்கலாம். மேல்துணி நைலானாக இருந்தால் சரசரக்கும், கம்பளிபோன்ற ஃப்ளீஸ் துணியாகப் பாருங்கள். பாதுகாப்புப் பட்டைக்கு மேல் மஃபைக் கட்டி, கொக்கிகளைக் கைக்கு எட்டாமல் மறைத்துவிடாதீர்கள். இவ்வளவுதான். ஐம்பது டாலருக்குள் கிடைக்கிறது.

உள்ளே எதை வைப்பது

கிழித்தால் சூடாகும் பொட்டலம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இரும்புத்தூள், நீர், உப்பு, கரி, வெர்மிகுலைட். உறையைத் திறந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பிடிப்பதன் சூடுதான் நம் கைக்கு வருகிறது. ஹாட்ஹேண்ட்ஸ் பொட்டலம் சராசரி 57 டிகிரி, பத்து மணி நேரம்வரை என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். பலர் புகார் சொல்வது: “பாக்கெட்டில் வைத்தேன், சூடே வரவில்லை.” காற்று போகாத இடத்தில் துரு ஏறாது. இறுக்கமான கையுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் அது தூங்கிவிடும். மஃபின் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. காரிலேயே, ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்னால் கிழித்து உலுக்கிவிடுங்கள். பாதியில் வீடு திரும்பினால் காற்றை வெளியேற்றி ஜிப் பையில் போட்டு மூடலாம், துருப்பிடிப்பது நின்றுவிடும், மறுநாள் மிச்சத்தைப் பயன்படுத்தலாம். மணிக்கட்டின் உட்பக்கம் ரத்தக்குழாய் தோலுக்கு அருகே ஓடுவதால் அங்கே வைத்தாலும் பலன் உண்டு. ஆனால் வெறுந்தோலில் வைக்க வேண்டாம். மரத்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது.

பென்சின் கணப்பு ஒரு காலத்தில் வேட்டைக்காரர் பையில் தவறாமல் இருந்தது. பஞ்சில் ஊறிய எரிபொருளின் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது சுடரில்லாமல் எரிகிறது. ஜப்பானில் 1923இல் மத்தோபா நீய்ச்சி இதை ‘ஹக்கின்’ என்ற பெயரில் கொண்டுவந்தார். அந்தச் சொல்லுக்கே பிளாட்டினம் என்றுதான் பொருள். எங்கள் மினியாப்பொலிஸிலும் ஒரு காலத்தில் ‘ஜான்-இ’ என்ற பெயரில் இத்தகைய கணப்புகள் செய்தார்கள், பழைய பொருள் சந்தைகளில் இன்றும் கண்ணில் படும். ஜிப்போவின் பெரிய கணப்பு ஒரு நிரப்பலில் 12 மணி நேரம் தாங்கும். குளிர் கூடினாலும் சோர்வதில்லை. எனக்கு இதன்மேல் ஆசைதான். ஆனால் வாடை வருகிறது. மனித மூக்குக்கே தெரியும் பென்சின் வாடை மானுக்குத் தெரியாமலா போகும்? ஐஸ் மீன்பிடிக்கும்போது அதைக் கொண்டுபோகிறேன், மான் வேட்டைக்கு இல்லை.

சார்ஜ் செய்யும் மின்கணப்புக்கு வாடையும் இல்லை, குப்பையும் இல்லை. பருவத்தில் இருபது நாள் போகிறவருக்கு, நாளொன்றுக்கு மூன்று ஜோடிப் பொட்டலம் வாங்குவதைவிட இது மலிவு. லித்தியம் பேட்டரி குளிரில் சோரும் என்பது உண்மை. முதுகுப்பையில் கிடந்தால் பாதி நேரத்தில் கைவிடும், உடம்போடு ஒட்டி மஃபுக்குள் இருந்தால் அதிகம் சோராது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி கெடும். விளக்கு மின்னும் மாதிரியாக இருந்தால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். இதை மட்டும் நம்பி ஏற மாட்டேன். கோட்டுப் பையில் இரண்டு இரும்புப் பொட்டலம் துணைக்கு இருக்கும்.

தகடைச் சொடுக்கினால் உறைந்து சூடாகும் சோடியம் அசிட்டேட் பை, பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்க நல்லது. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நமக்கு வேண்டாம்.

பை உடையும் மறைகுடிலும்

-18 டிகிரிக்குக் கீழே மஃபும் திணறும், ஏனென்றால் அங்கே தோற்பது கையல்ல, உடம்பு. அப்போது உதவுவது தூக்கப்பைபோல உடம்பு முழுவதையும் மூடும் ஹீட்டர் பாடி சூட் வகை. பரணில் ஏறியபின் அதற்குள் நுழைந்து, கையையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மான் வந்ததும் ஜிப்பை இறக்கித் தோளிலிருந்து சரியவிட்டால் வில் இழுக்கத் தடையில்லை. உடலின் சூடே கைக்குப் போதுமாகிவிடும். ஆனால் விலை சில நூறு டாலர், சுமக்கப் பாரம். அதற்குள் இருந்து வெளியே வரும் பத்து விநாடி அசைவை மான் பார்க்காமலிருக்க வேண்டும். நாள்முழுக்க உட்காருபவர்களுக்குத் தகும். எனக்கு மூன்று மணி நேரத்தில் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

தரையில் கூடாரம்போல மறைகுடில் போட்டால் காற்று நிற்கும், அசைவு தெரியாது, புரோப்பேன் கணப்பும் வைக்கலாம். வசதியில் இதற்கு இணையில்லை. மூடிய துணிக்கூட்டுக்குள் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு விடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்கு வாடை கிடையாது, தூக்கம்போல வந்து ஆளை எடுக்கும். ‘பட்டி’ (Buddy) என்ற பெயரில் விற்கும் புரோப்பேன் கணப்புகளில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் அமைப்பு உண்டு. இருந்தாலும் இரண்டு ஜன்னலைத் திறந்தே வைக்கவும், துணியிலிருந்து தள்ளி வைக்கவும். பிள்ளையை முதல்முறை கூட்டிப்போகிறீர்களா? மறைகுடிலைத் தவிர வேறு யோசிக்காதீர்கள். விரல் விறைத்து அழும் பிள்ளை அடுத்த வருடம் வராது.

துப்பாக்கிபோலத் தோளில் வைத்து எய்யும் கிராஸ்போவுக்கு மாறிவிடலாமே என்பார்கள். 2023இல் மினசோட்டாவில் வில் பருவம் முழுதும் எல்லோருக்கும் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். நாணை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடலாம் என்பதால் கைப்பிரச்சினை பாதியாகிறது. வயதானவர்களுக்கும் தோள்வலிக்காரர்களுக்கும் நல்ல தீர்வு. எனக்கு நாணை நானே இழுப்பதில்தான் ருசி.

உங்களுக்கு எது

-5 டிகிரிவரை, இரண்டு மணி நேரம்: மடிப்புமூடிக் கம்பளிக் கையுறை போதும். -5 முதல் -18 வரை, மூன்று நான்கு மணி நேரம்: மெரினோ கையுறை, மஃப், மின்கணப்பு, நடுவுடலுக்குச் சூடு. அதற்கும் கீழே, அல்லது நாள்முழுக்க: பை உடை அல்லது மறைகுடில். இரண்டுமே கையில் இல்லையென்றால் அன்று வீட்டில் சாம்பார் வைத்துச் சாப்பிடுங்கள்.

இரண்டு கைக்கும் ஒரே கையுறை போட வேண்டியதில்லை. வில் பிடிக்கும் கை அலுமினியத்தைத் தொடுகிறது, அந்த உலோகம் சூட்டை உறிஞ்சும். பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப் சுற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும். கார்பன் சட்டமுள்ள வில் தொடுவதற்குக் குளிர்ச்சி குறைவு, ஆனால் அதற்காக மட்டும் ஆயிரம் டாலர் கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கைக்குக் கொஞ்சம் கனமான கையுறை போடலாம். ரிலீஸ் பிடிக்கும் கைக்கு மெல்லியதுதான், சுட்டுவிரல் நுனியை வெட்டிவிட்டாலும் சரி. கட்டைவிரலால் அழுத்தும் கைரிலீஸ் வைத்திருப்பவர்கள் அதையும் மஃபுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த இரும்பைக் கையில் எடுத்தால் உள்ளே சேர்த்த சூடெல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

வில்லின் இழுவிசையையும் பாருங்கள். இரு முனைகளிலும் உருளை பூட்டிய காம்பவுண்டு வில்லில் அந்த உருளைகள் திரும்பியபின் 70 பவுண்டு வில்லும் 80 சதவீதம் தளர்ந்து 14 பவுண்டாக நிற்கும். ஆனால் நடுவில் அந்த 70ஐக் கடந்துதான் ஆக வேண்டும். மூன்று மணி நேரம் குளிரில் கிடந்த தோள் அதற்கு இணங்காது. வில்லை வானத்துக்குத் தூக்கி இழுப்பீர்கள், மான் பார்த்துவிடும். நவம்பர் முடிவிலேயே 60க்கு இறக்கிவிடுகிறேன். இறக்கினால் அம்பு தாழும் என்பதால் குறிமுள்ளைத் திருத்தி, குளிர்கால உடை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கொல்லையில் இருபது அம்பாவது விட்டுப் பார்க்க வேண்டும். எந்தச் சட்டைக்கை நாணில் மாட்டுகிறது என்பது அங்கே தெரிந்தால் நல்லது.

ஒரு ஜோடிப் பொட்டலத்தை மட்டும் கடைசிவரை கிழிக்காமல் வைத்திருங்கள். டிசம்பர் நடுவில் இங்கே நாலரை மணிக்குச் சூரியன் மறையும், அதற்கப்புறம் அரை மணி நேரம் வரை சட்டம் அம்பு விட அனுமதிக்கும். நாலே கால் வாக்கில் அதைக் கிழித்து மஃபுக்குள் போட்டுவிடுவேன். இருட்டில் வில்லைக் கயிற்றில் இறக்க வேண்டும், பட்டையின் கொக்கியை இறங்கு கயிற்றுக்கு மாற்ற வேண்டும், உறைபனி பிடித்த ஏணிப்படியை ஒவ்வொன்றாகப் பற்றி இறங்க வேண்டும். அதற்கும் விரல் வேண்டுமே.